பின் சீட்டில் மாமா

வேலைக்காக வெளிநாடு வந்து ஐந்து மாதமாகியும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பேச்சுத்துணை என்று ஒருவரும் வாய்க்கவில்லை. கம்பெனியில் கூட வேலை செய்பவர்கள் நல்லவர்கள்தான். காலையில் தலையசைப்பார்கள், மாலையில் தலையசைப்பார்கள். நடுவில் உள்ள நேரத்தில் அவன் லிஃப்ட்டுகளோடு பேசிக்கொண்டிருந்தான். "என்னடி உனக்கு நோவு, நேத்துதானே எண்ணெய் போட்டேன்" என்று கப்பியைத் தட்டிக்கொடுத்தபடி கேட்பான். அம்மா போனில், "யார் கூடயாவது பழகுறியாடா?" என்று கேட்டால், "நிறையப் பேரும்மா, தினம் ஏத்தி இறக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பான். அது பொய்யும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. கருவிப்பையோடு ஓடினான். நான்காவது மாடிக் கதவில் வாயை வைத்து, கம்பெனி சொல்லிக்கொடுத்திருந்த வாசகத்தை அந்த ஊர் மொழியில் சொல்ல வாயெடுத்தவன், உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றான்.

"நான் அப்பவே படியில போகலாம்னு சொன்னேனா இல்லையா?" என்றது ஒரு பெண் குரல்.

"அண்ணி, பதறாதீங்க. நாம இப்ப மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல, கொஞ்சம் மேற்கால இருக்கோம்" என்றது ஓர் ஆண் குரல்.

"லிஃப்ட்டு எப்படிய்யா மேற்கால போகும்? என்னங்க, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்! நின்னுகிட்டே தூங்குறீங்களா?"

மூன்றாவது ஆள் கொட்டாவி விடும் சத்தம் மட்டும் கேட்டது.

மெக்கானிக்குக்குக் கம்பெனி வாசகம் மறந்தே போயிற்று. "அக்கா, பயப்படாதீங்க. கதவுல யாரும் சாயாதீங்க. இதோ எடுத்துர்றேன்" என்றான்.

 உள்ளே பெண் குரல் மெதுவாகச் சொன்னது: "என்னங்க, லிஃப்ட்டு தமிழ் பேசுது."

மேலே போய் பிரேக்கைத் தளர்த்தி, பெட்டியைத் தளத்துக்கு இறக்கி, சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது மூன்று பேர் நின்றிருந்தார்கள். முதலில் வெளியே வந்தவள் ஆஸ்பத்திரி நர்ஸ். இன்னும் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அவள் பின்னால் வந்தவர் அவளுடைய கணவர், ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர். விடியுமுன் வேலைக்குப் போவதால் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகிவிடும் மனிதர். கடைசியாக வந்தவர் கணவரின் நண்பர், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவர். எல்லோரும் சர்வேயர் என்றே கூப்பிடுவார்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் திசை சொல்லுவார். சொன்ன திசை சரியாக இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

நர்ஸ் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போய் டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது கோப்பை வருவதற்குள் அவள் அக்கா, அவர் மாமா என்று ஆகிவிட்டது. மூன்றாவது கோப்பையில் சனிக்கிழமை ஏரிக்குப் போகும் திட்டம் வெளியே வந்தது. மலைக்கு நடுவில் பெரிய ஏரி, கரையில் ஒரு தங்கும் விடுதி, ஓர் இரவு தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்புவது.

"நீயும் வந்துரு தம்பி. நாங்க மூணு பேரா போனா சண்டைதான் வரும். வெளி ஆள் ஒருத்தர் இருந்தா கொஞ்சம் மரியாதையா நடந்துக்குவோம்" என்றாள்.

அன்று இரவு அம்மாவுக்கு அவனே போன் செய்தான். "சனி ஞாயிறு ஊர்ல இல்லம்மா, ஃப்ரெண்ட்ஸ் கூட டூர் போறேன்" என்று சொன்னபோது, 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற சொல்லில் தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தம் விழுந்தது.

சனிக்கிழமை காலை வாடகை வேன் வந்து நின்றது. மூன்று வரிசை இருக்கைகள். சர்வேயர் ஓட்டினார். மெக்கானிக் அவர் பக்கத்தில். நடு வரிசையில் நர்ஸும், அவள் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு, தயிர்ச்சோறு, அவித்த முட்டை, தண்ணீர்ப் பாட்டில்கள், இருமல் மருந்து, வாந்தி வந்தால் பிடிக்கப் பை என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியும். கடைசி வரிசை முழுவதையும் மாமா எடுத்துக்கொண்டார். விடியற்காலை வேலையை முடித்துவிட்டு நேராக வந்தவர், லுங்கிக்கு மாறி, செருப்பைக் கழற்றிப் போட்டு, சுருட்டி வைத்திருந்த பாய்களுக்கும் தலையணைகளுக்கும் நடுவே படுத்து, தடிமனான போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். தெருமுனை திரும்புவதற்குள் குறட்டை கேட்டது.

"பாத்தியா தம்பி? ஊர் சுத்திப் பாக்கத்தான் வராரு" என்றாள் நர்ஸ்.

மாமாவின் போன் முன்னால் மெக்கானிக்கின் காலடியில் சார்ஜில் கிடந்தது.

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். நர்ஸ் கழிப்பறைக்குப் போனாள். சர்வேயர் பெட்ரோல் போட்டார். மெக்கானிக் பக்கத்துக் கடையில் காப்பி வாங்கப் போய், காப்பி இயந்திரம் ஏன் இப்படி உறுமுகிறது என்று கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் திரும்பி வந்து ஏறியதும் சர்வேயர் சாவியைத் திருகினார்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

நர்ஸ் தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்த்தாள். போர்வை மேடாக இருந்தது. "இறங்கினாத்தானே ஏறணும்? வண்டி கவுந்தாக்கூட அவரு எழுந்துக்க மாட்டாரு. நீங்க எடுங்க."

வேன் கிளம்பியது.

சிறிது தூரம் போனதும் மாமாவின் போன் அடித்தது. மெக்கானிக் எடுத்துப் பார்த்தான். பெயர் இல்லாத எண்.

"மாமா தூங்குறாரு. எடுக்கட்டுமா?" என்று சர்வேயரிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"தெரியாத நம்பரா? கடன் வேணுமான்னு கேப்பான். வெட்டு."

வெட்டினான். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினான். அதன்பிறகு அடிக்கவில்லை. பரவாயில்லை, சட்டென்று புரிந்துகொள்ளும் கடன்காரன் என்று நினைத்துக்கொண்டான்.

சாலை மேட்டில் ஏறத் தொடங்கியதும் நர்ஸ் முட்டையை உரித்து முன்னால் இருவருக்கும் கொடுத்தாள். பிறகு, முகத்தைத் திருப்பாமலே, பின்வரிசைக்குக் கேட்கும்படி பேச ஆரம்பித்தாள்.

"என்னங்க, உங்களுக்கு முட்டை வேணுமா? வேணாமா? சரி. வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துரும்?"

பதில் இல்லை.

"நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும். குறட்டை நின்னு ரொம்ப நேரமாச்சு. முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கீங்க. நல்லதாப் போச்சு, கேட்டுக்குங்க."

அங்கே தொடங்கியது. ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது, சட்டைப்பையில் மாவோடு சட்டையைத் துவைக்கப் போடுவது, அவளுடைய அண்ணன் போன் செய்தால் "ம்" என்று மட்டும் சொல்லி அவளிடம் கொடுத்துவிடுவது, கல்யாணமான புதிதில் வாங்கித் தருவதாகச் சொன்ன தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாக வந்தது. முன்னால் இருந்த இருவரும் கண்ணாடிக்கு வெளியே இருந்த மரங்களைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள். மெக்கானிக் நைசாக ரேடியோவைத் திருகினான்.

"அதை அணை தம்பி. நான் பேசிட்டிருக்கேன்."

அணைத்தான்.

திட்டித் தீர்த்ததும் அவள் குரல் இறங்கியது. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டுல வச்சு சொல்ல வரல. வடக்கே இருக்கற பெரிய ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு வார்டு முழுக்க என் பொறுப்பு. எனக்கு ஆசையா இருக்குங்க. ஆனா உங்களுக்கு இங்க ஒரு மதிப்பு இருக்கு. அந்த முதலாளி உங்க கை பட்டாத்தான் மாவு எழும்புதுன்னு சொல்றாரு. அதை விட்டுட்டு என் பின்னால வாங்கன்னு நான் எந்த வாயால கேப்பேன்? அதான் முழுங்கிட்டே இருந்தேன்."

மெக்கானிக் பாதி கடித்த முட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டான். சர்வேயர் சாலையையே வெறித்துக்கொண்டிருந்ததில் ஏரிக்குத் திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை.

"வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. கோவமா இருந்தா கத்துங்க. இப்படிக் கல்லு மாதிரி கெடந்தா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

போர்வை கல்லு மாதிரிதான் கிடந்தது.

"அழறீங்களா?" அவள் குரல் உடைந்தது. எட்டி, போர்வையை மெல்ல விலக்கினாள்.

இரண்டு பாய்கள் கட்டிப்பிடித்தபடி படுத்திருந்தன. மேலே ஒரு தலையணை.

நர்ஸ் போட்ட கூச்சலில் சர்வேயர் பிரேக்கை மிதித்தார். புளிச்சோற்றுப் பாத்திரம் முன்சீட்டின் அடியில் வந்து நின்றது.

"மாமா எங்க?" என்றான் மெக்கானிக்.

"அதைத்தான்டா நானும் கேக்கறேன்! ஐயோ, இவ்வளவு நேரம் பாய்கிட்டயா பேசிட்டிருந்தேன்!"

சர்வேயர் நிலைமையை நிதானமாக எடுத்துச் சொன்னார். வழியில் வண்டி வேறு எங்கேயும் நிற்கவில்லை. ஆகவே மாமா பெட்ரோல் பங்க்கில்தான் இறங்கியிருக்கவேண்டும். "போன் கைல இல்ல, பர்ஸ் பேன்ட்டுல, பேன்ட்டு இங்க" என்றார்.

"லுங்கியோடவா நிக்கறாரு?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் காலடியில் கிடந்த போனை எடுத்தான். "அக்கா... மாமா போனுக்கு ஒரு நம்பர்லேர்ந்து ரெண்டு தடவ வந்துச்சு."

"எடுத்தியா?"

"வெட்டிட்டேன்."

நர்ஸ் போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவனுக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்த எண்ணுக்குத் திரும்ப அடித்துப் பார்த்தார்கள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

வேன் வந்த வழியே பறந்தது. சர்வேயர் ஒரு குறுக்கு வழி இருப்பதாகத் தொடங்கினார். நர்ஸ் பார்த்த பார்வையில் அந்தக் குறுக்கு வழி அவர் தொண்டையிலேயே முடிந்தது.

பங்க்கில் மாமா இல்லை. கடையில் இருந்த பெண்மணி அந்த ஊர் மொழியில் வேகமாகச் சொன்னதை மெக்கானிக் தன் அரைகுறை அறிவில் மொழிபெயர்த்தான்.

"பாவாடை கட்டின ஆளான்னு கேக்கறாங்க அக்கா."

"ஆமான்னு சொல்லு."

"இங்க போன்லேர்ந்து ரெண்டு தடவ பேசப் பாத்தாராம். அப்புறம் அந்த பெஞ்சுல உக்காந்தாராம். பாவமா இருந்துச்சுன்னு இவங்க ஒரு பன்னு குடுத்தாங்களாம்."

"சாப்பிட்டாரா?"

"பிட்டுப் பாத்து, மோந்து பாத்து, தலைய ஆட்டிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாராம். அதுல அவங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்."

"அவருதான்!" என்றாள் நர்ஸ். கண் கலங்கிக்கொண்டிருந்தபோதே சிரித்துவிட்டாள். "இப்ப எங்கன்னு கேளு."

வெங்காய லாரி ஒன்று ஏரிப் பக்கம் போனதாம். ஓட்டுநரிடம் கைஜாடையில் ஏதோ சொல்லி ஏறிக்கொண்டாராம்.

மறுபடி ஏரியை நோக்கி. வழியில் பார்த்த லாரியை எல்லாம் நர்ஸ் நிறுத்தச் சொன்னாள். ஒன்றில் செங்கல் இருந்தது. ஒன்றில் ஆடுகள். ஒரு வெங்காய லாரி அகப்பட்டது. ஆனால் அதன் ஓட்டுநர் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தார். சன்னல் வழியே ஒரு பெண் எட்டிப் பார்த்து, இரண்டு கைகளாலும் இடுப்பில் ஏதோ கட்டுவதுபோல் செய்துகாட்டியதும் பயந்துபோய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஏரிக்கரை விடுதிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மரப்படிகளில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் வெங்காயச் சருகு. வேனைக் கண்டதும் எழுந்தார். மடித்த லுங்கியை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பவர்போல.

நர்ஸ் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினாள். அவள் வாய் திறக்கும் முன்பே அவர் பேசத் தொடங்கினார். எல்லோருக்கும் ஆச்சரியம். அவர் முதலில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"நீ என்னை விட்டுட்டுப் போனது நியாயந்தான்."

"யாருங்க விட்டுட்டுப் போனது?"

"இரு, நான் சொல்லி முடிச்சுடறேன். நடுவுல நிறுத்தினா மறந்துரும்." அவர் கையைக் காட்டி அவளைத் தடுத்தார். "உனக்கு வடக்கே வேலை வந்தது எனக்குத் தெரியும். உன்கூட வேலை பாக்கற பொண்ணு ரொட்டி வாங்க வந்தப்ப எனக்கு வாழ்த்து சொல்லுச்சு. நீ எப்ப சொல்லுவேன்னு காத்துட்டிருந்தேன். சொன்னா நான் என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல. அதனால ஒரு வாரமா தூங்கற மாதிரி நடிச்சுக்கிட்டிருக்கேன்."

"குறட்டை?"

"அதுவும் நடிப்புதான்." கொஞ்சம் யோசித்தார். "பாதி நிஜம்."

சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏரியைப் பார்க்கத் திரும்பினார்.

"வண்டியில நீ பேச்ச எடுப்பேன்னு தோணுச்சு. அதான் பங்க்குல இறங்கி, கழிப்பறைக் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்துக்கிட்டேன். மனசுக்குப் பிடிச்ச மாதிரி வர நேரமாயிருச்சு. வெளிய வந்தா வண்டியக் காணோம். யார் நம்பரும் ஞாபகம் இல்ல, என் நம்பர் மட்டுந்தான். சரின்னு அதுக்கே அடிச்சேன். நீ வெட்டின. மறுபடி அடிச்சேன், மறுபடி வெட்டின. சரி, பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு முடிவே பண்ணிட்டான்னு..."

"வெட்டினது நான் இல்லைங்க!"

நர்ஸ் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் சர்வேயரைப் பார்த்தான். சர்வேயர் ஏரியைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பக்கம் தெற்கு" என்றார்.

"சரி, கண்ணாடி முன்னால பேசிப் பாத்தீங்களே, அது என்ன?" என்றாள் நர்ஸ்.

மாமா நிமிர்ந்து நின்றார். "போலாம்."

அவள் காத்திருந்தாள். "அப்புறம்?"

"அவ்வளவுதான். போலாம்."

"இந்த ஒத்த வார்த்தைக்கா அவ்வளவு நேரம்?"

"மொதல்ல நெறைய இருந்துச்சு. சுருக்கிக்கிட்டே வந்தேன்."

நர்ஸ் அவர் தலையிலிருந்த வெங்காயச் சருகை எடுத்துப் போட்டாள். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நடுவே, "பன்ன ஏன் திருப்பிக் குடுத்தீங்க? அந்தம்மா மனசு கஷ்டப்பட்டிருக்கு" என்று கேட்டாள்.

"ஈஸ்ட் ஜாஸ்தி" என்றார் மாமா.

அன்று சாயங்காலம், பிரேக் போட்டதில் சிந்தியது போக மிச்சமிருந்த புளிச்சோற்றை நால்வரும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நர்ஸ் கைகழுவ உள்ளே போனதும் மாமா மெக்கானிக்கின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் இல்லாதப்ப அவ என்ன பேசினா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல மாமா. ரேடியோ ஓடிட்டிருந்துச்சு."

"ஈரத்துண்டு பத்தி சொன்னாளா?"

"அது மட்டும் கேட்டுச்சு."

மாமா நிம்மதியாகத் தலையாட்டினார். "அப்ப எல்லாத்தையும் சொல்லிட்டா."

மறுநாள் காலை ஏரியைப் பார்க்க எழுந்தார்கள். பனிமூட்டம். கரையிலிருந்து கைநீட்டினால் கைதான் தெரிந்தது. படகுக்காரர் படகை எடுக்கவில்லை. தண்ணீர் தளும்பும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, மங்கலாக நான்கு உருவங்கள் தெரியும் ஒரு படம் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். படத்தை மெக்கானிக் அம்மாவுக்கு அனுப்பினான். "இதுல நீ யாருடா?" என்று அம்மா கேட்டாள். அவனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில் மாமாவும் நர்ஸும் நடு வரிசையில் உட்கார்ந்து, வடக்கே வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம், அங்கே ரொட்டிக் கடைகள் எப்படி என்று ஓயாமல் பேசினார்கள். மெக்கானிக் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவர்களுக்காக மகிழ்ச்சிதான். ஆனால் ஐந்து மாதம் கழித்துக் கிடைத்த அக்கா, வியாழக்கிழமை கிடைத்து ஞாயிற்றுக்கிழமையே மூட்டை கட்டுகிறாளே என்று நெஞ்சின் ஓரத்தில் ஒரு முள்ளும் இருந்தது. நர்ஸ் அதைக் கண்டுகொண்டாள்போல.

"நீயும் வந்துரு தம்பி. அங்கயும் லிஃப்ட்டு நிக்கும்" என்றாள்.

"நிக்காத மாதிரி பாத்துக்கறதுதான்க்கா என் வேலை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர்கள் வீடு மாறினார்கள். கட்டிலும் அலமாரியும் லிஃப்ட்டுக்குள் நுழையாததால் மெக்கானிக்கும் சர்வேயரும் படிவழியே தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சர்வேயர் இடது என்றபோது மெக்கானிக் வலதில் திருப்பினான். கட்டில் எங்கும் இடிக்காமல் வந்து சேர்ந்தது. நர்ஸ் அவன் கையில் இரண்டு டப்பா ஊறுகாயைத் திணித்து, போய்ச் சேர்ந்ததும் போன் செய்வதாகச் சொன்னாள். மாமா அவன் தோளைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சுருக்கிச் சுருக்கி, கடைசியில், "சாப்பிடு" என்றார்.

லாரி தெருமுனையில் திரும்பி மறைந்தது. அதுவரை மெக்கானிக்கும் சர்வேயரும் தனியாக நின்று பேசியதே இல்லை. இருவரும் சட்டையெல்லாம் வியர்வையும் தூசியுமாக நடைபாதையில் நின்றார்கள்.

"உங்க ரூம்ல சமைப்பீங்களா?" என்று கேட்டார் சர்வேயர்.

"முட்டை அவிப்பேன்."

"எனக்கு ரசம் வைக்கத் தெரியும். அடுத்த சனிக்கிழமை வரேன். அட்ரஸ் மட்டும் வாய்ல சொல்லாதீங்க, தெருமுனைக்கு வந்து நின்னு கூட்டிட்டுப் போங்க."

"சரிங்க சார்" என்றான் மெக்கானிக்.

"சார் எதுக்கு?" என்றார் சர்வேயர். "அண்ணேன்னு கூப்பிடு."